ஷோர்டிச் கொட்டகை: கட்டியது யார், பிரித்தது யார்?

டிசம்பர் 21 (வாசகர் கேள்வி)

லண்டன் சுற்றுலா வீடியோ ஒன்றில் கேட்டது: ஷேக்ஸ்பியரின் ஆட்கள் ஒரே ராத்திரியில் ஒரு நாடகக் கொட்டகையைப் பிரித்து, உறைந்து கிடந்த தேம்ஸ் ஆற்றின் மேல் மரங்களை இழுத்துப் போய், மறுகரையில் அதையே குளோப் என்று நிறுத்திவிட்டார்களாம். நடந்ததா, கட்டுக்கதையா? நடந்தது என்றால் அந்தப் பழைய கொட்டகையைக் கட்டியது யார்? குளோப்தான் முதல் என்றல்லவா படித்தோம்?

டிசம்பர் 21, இரவு

பிரித்தது உண்மை. கொட்டகையின் பெயர் 'தி தியேட்டர்'. லண்டன் மதிலுக்கு வெளியே, பிஷப்ஸ்கேட் வாசலைத் தாண்டி வடக்கே போனால் ஷோர்டிச். அங்கே 1576-இல் கட்டினார்கள். குளோப் அதற்கு 23 வருஷம் இளையது.

கட்டியவர் ஜேம்ஸ் பர்பேஜ். தச்சு வேலை கற்றவர், அப்புறம் நடிகரானவர், லெஸ்டர் பிரபுவின் நாடகக் குழுவில் முக்கியமான ஆள். அவருடைய மகன் ரிச்சர்ட் பர்பேஜ்தான் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட், ஒதெல்லோ, லியர் வேஷங்களை முதலில் கட்டியவர்.

பிரித்த நாள் 1598 டிசம்பர் 28. அடுத்த வாரம் அந்தத் தேதி வருகிறது, அன்றைக்கு விரிவாக எழுதுகிறேன். ஆறு உறைந்த கதையும் சரி என்றே நினைக்கிறேன், அந்த மாதம் கடுங்குளிர்.

டிசம்பர் 22

நேற்று எழுதியதில் ஒரு வரி உறுத்துகிறது. 'கட்டியவர் ஜேம்ஸ் பர்பேஜ்' என்று ஒரே பெயரில் முடித்துவிட்டேன். பாதிக்குப் பாதி பங்காளி ஒருவர் இருந்தார். ஜான் பிரெய்ன், மளிகை வியாபாரி. ஜேம்ஸின் மனைவி எல்லனோடு உடன்பிறந்தவர்.

அதாவது ஜேம்ஸுக்கு மச்சான், ரிச்சர்டுக்குத் தாய்மாமன். ஆங்கிலப் புத்தகங்களில் இந்த உறவு ஒரு சொல்லாக வந்து போய்விடும், படிக்கிறவர் கவனிக்கவே மாட்டார். தாய்மாமன் என்று சொன்னால் நமக்கு எதுவும் விளக்க வேண்டியதில்லை. அக்கா தங்கை வீட்டுக் காரியத்துக்குக் கையில் இருப்பதை எல்லாம் கொண்டுவந்து போடுகிற ஆள். பிரெய்ன் அதைத்தான் செய்தார். இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

டிசம்பர் 28

இன்றைய தேதிக்கு வருவோம்.

அடிமனை ஒருவருடையது, கட்டடம் இன்னொருவருடையது. அதில் வரும் தகராறு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். ஷோர்டிச்சில் நிலம் கைல்ஸ் ஆலன் என்பவருடையது. முன்பு ஹாலிவெல் என்ற கன்னியர் மடம் இருந்த இடம். எட்டாம் ஹென்றி மடங்களை மூடியபோது தனியார் கைக்குப் போனது. 1576 ஏப்ரல் 13-இல் ஆலன் 21 வருஷத்துக்கு ஜேம்ஸுக்குக் குத்தகை எழுதிக் கொடுத்தார். ஆண்டு வாடகை 14 பவுண்ட். அதில் ஒரு ஷரத்து: அங்கிருந்த பழைய வீடுகளைச் சீர்செய்ய ஜேம்ஸ் 200 பவுண்ட் செலவழித்தால், தான் கட்டும் நாடகக் கொட்டகையைப் பிரித்து எடுத்துக்கொண்டு போகலாம்.

குத்தகை 1597 ஏப்ரலில் முடிந்தது. ஜேம்ஸ் அதற்கு இரண்டு மாதம் முன்பே இறந்துவிட்டார். முந்தைய வருஷம்தான் பிளாக்ஃபிரையர்ஸில் 600 பவுண்டுக்கு ஒரு கட்டடம் வாங்கி, கூரை போட்ட அரங்கமாக மாற்றும் வேலையில் இறங்கியிருந்தார். அந்தத் தெருவாசிகள் மனு கொடுத்துத் தடுத்துவிட்டார்கள். மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில் நாடகக் குழுவின் புரவலரான ஹன்ஸ்டன் பிரபுவும் ஒருவர். ஆகவே மகன்கள் கத்பர்ட், ரிச்சர்ட் இருவர் கைக்கும் வந்தது நாடகம் போட முடியாத ஒரு புதுக் கட்டடமும், குத்தகை முடிந்த ஒரு பழைய கொட்டகையும்தான்.

ஆலன் வாடகையை 24 பவுண்டாக உயர்த்தக் கேட்டார். கத்பர்ட் வேண்டாவெறுப்பாக ஒத்துக்கொண்டார். ஆலன் அதோடு விடவில்லை: நாடகம் இன்னும் ஐந்து வருஷம்தான், அதற்குப் பிறகு கட்டடத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற வேண்டும் என்றார். ரிச்சர்டை ஜாமீனாக ஏற்க மாட்டேன் என்றும் சொன்னார். பேச்சு இழுத்துக்கொண்டே போனது. கொட்டகை பூட்டிக் கிடந்தது. 1598-இல் வந்த ஒரு கவிதை, ஆள் நடமாட்டம் இல்லாத தியேட்டரின் இருட்டையும் தனிமையையும் உவமையாகவே எடுத்துக்கொண்டது.

கிறிஸ்துமஸுக்கு ஆலன் எசெக்ஸில் இருந்த தன் கிராமத்து வீட்டில் இருந்தார். 28-ஆம் தேதி சகோதரர்கள் இருவரும், பணம் போட்ட வில்லியம் ஸ்மித்தும், தச்சர் பீட்டர் ஸ்ட்ரீட்டும், கூடப் பன்னிரண்டு பேர் அளவில் ஆட்களும் வந்து இறங்கினார்கள். விதவையான தாய் எல்லனும் வந்து நின்று பார்த்தார்.

ஆலன் தொடுத்த வழக்கில் நஷ்டஈடு 800 பவுண்ட். கொட்டகைக்கு 700. மிதித்து நாசமாக்கிய புல்லுக்கு என்று தனியாக 40 ஷில்லிங். பிறகு உச்ச அதிகாரம் உள்ள ஸ்டார் சேம்பர் நீதிமன்றத்துக்குப் போய், வாள், கத்தி, கோடாரியோடு கலகக்காரர்கள் போல வந்தார்கள் என்று புகார் கொடுத்தார். எதிலும் அவருக்கு வெற்றி கிடைக்கவில்லை. சகோதரர்கள் கையில் அந்த ஷரத்து இருந்தது.

டிசம்பர் 29

ஆறு உறைந்த கதையைத் திருத்த வேண்டும். முதல் பதிவில் 'சரி என்றே நினைக்கிறேன்' என்று எழுதியது தவறு.

அந்த டிசம்பரில் தேம்ஸ் லண்டன் பாலத்தருகே உறைகிற நிலைக்கு வந்தது என்பதற்குக் குறிப்பு உண்டு. நடுவில் பனி இளகியது, மறுபடியும் குளிர் இறுகியது. அந்த மாதிரிப் பனிக்கட்டி மேல் பெரிய ஓக் உத்தரங்களை யாரும் இழுக்க மாட்டார்கள். இழுக்கத் தேவையும் இருக்கவில்லை. பீட்டர் ஸ்ட்ரீட்டின் மரக்கிடங்கு பிரைட்வெல் அருகே, இதே வடகரையில், படித்துறையை ஒட்டி இருந்தது. மரங்கள் அங்கேதான் போய்ச் சேர்ந்தன. தென்கரையில் குளோப் மனை சதுப்பு நிலம், குளிர்காலத்தில் அங்கே அடித்தளம் போட முடியாது. வசந்தம் வந்த பிறகு படகில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோனார்கள். அந்த மனைக்கான 31 வருஷக் குத்தகையில் கையெழுத்தானது 1599 பிப்ரவரி 21-இல்.

வீடியோக்காரரைக் குறை சொல்லவில்லை. ஷோர்டிச்சில் ஒரு நடைச் சுற்றுலாவில் வழிகாட்டி சொல்லி நானும் இதையே பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். பனி, ராத்திரி, திருட்டுத்தனம், மேலே இழுத்துப் போகும் மரம் என்று எல்லாம் கண்முன் வந்துவிடுவதால் மனசில் ஒட்டிக்கொள்கிறது.

ஜனவரி 7

இன்னொரு திருத்தம். அன்றைக்கு இங்கிலாந்து பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது, பத்து நாள் பின்தங்கியது. நம் கணக்கில் அந்த டிசம்பர் 28 என்பது ஜனவரி 7, அதாவது இன்று. லண்டனில் காலையில் காரின் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிவிட்டு வேலைக்கு வந்தேன். கம்பிப் பிடியைத் தொட்டால் விரல் ஒட்டுகிறது. இந்தக் குளிரில் வெறுங்கையால் மர ஆணிகளைத் தட்டி எடுத்தார்கள்.

ஜனவரி 11

'ஒரே ராத்திரி' பற்றி.

போன வருஷம் கென்ட் பக்கம் பழைய ஓக் மரக் களஞ்சியம் ஒன்றைக் கழற்றி வேறு இடத்தில் நிறுத்துகிற வேலைக்கு இரண்டு வாரக்கடைசிகள் தன்னார்வலராகப் போயிருந்தேன். அதைப் பார்த்த பிறகு இந்தக் கதை எனக்கு வேறு மாதிரி தெரிகிறது.

இரும்பு ஆணியே கிடையாது. ஒரு மரத்தில் துளை, இன்னொன்றில் நாக்கு. நாக்கைத் துளைக்குள் நுழைத்து, இரண்டையும் குறுக்கே துளைத்து, கட்டைவிரல் கனத்தில் ஓக் முளை ஒன்றை அடித்து இறக்கியிருப்பார்கள். வெட்டிய ஈரம் காயாத மரத்திலேயே வேலை செய்வார்கள். காயக் காய மரம் சுருங்கி அந்த முளையைப் பிடித்துக்கொள்ளும். கழற்றும்போது முளையின் மெலிந்த பக்கத்தில் இரும்புக் கம்பியை வைத்துச் சுத்தியால் தட்ட வேண்டும். சிலது கிறீச்சென்று ஒரு சத்தத்தோடு வந்துவிடும். எனக்குக் கொடுத்த மூலையில் ஒரு முளை அரை மணி நேரம் அசையவில்லை. கடைசியில் மேஸ்திரி வந்து அதைத் துரப்பணத்தால் துளைத்தே எடுத்தார். வெளியே வந்த தூளில் புளித்த வாசனை, நூறு வருஷத்துக்கு மேற்பட்ட மரத்தில்.

ஒவ்வொரு மூட்டுக்குப் பக்கத்திலும் உளியால் கீறிய கோடுகள் இருந்தன. ஒரு கோடு, இரண்டு கோடு, சாய்ந்த கோடு. எந்தக் கால் எந்த உத்தரத்தோடு சேரும் என்பதற்குப் பழைய தச்சர் போட்ட எண்கள். தச்சர்கள் மரச்சட்டத்தைத் தங்கள் பட்டறை முற்றத்தில் தரையில் படுக்கவைத்துப் பொருத்திப் பார்த்து, எண் போட்டு, கழற்றி, வண்டியில் ஏற்றிக் கட்டும் இடத்துக்குக் கொண்டுபோவார்கள். ஆகவே இப்படிப்பட்ட கட்டடம் எதுவும் பிறக்கும்போதே ஒருமுறை கழற்றி மாட்டப்பட்டதுதான். ஷோர்டிச் கொட்டகையும் அப்படித்தான் இருந்திருக்கும். ஜேம்ஸ் பர்பேஜ் தச்சு தெரிந்தவர் என்பதால்தான் 'பிரித்து எடுத்துக்கொண்டு போகலாம்' என்ற ஷரத்து அவர் மனதில் வந்தது என்று நினைக்கிறேன். மளிகைக்காரருக்கு அது தோன்றியிருக்காது.

அந்தச் சின்னக் களஞ்சியத்தின் பாதியைக் கழற்ற ஆறு பேருக்கு நான்கு நாள் ஆனது. மூன்று அடுக்கு மாடம் கொண்ட பலகோணக் கொட்டகையை ஒரு ராத்திரியில் யாராலும் பிரிக்க முடியாது. ஆலனின் மனுக்களிலேயே ஒன்றில் டிசம்பர் 28 என்று இருக்கிறது, இன்னொன்றில் ஜனவரி 20. வேலை நாள்கணக்கில் நடந்தது என்று எடுத்துக்கொள்வதே சரி.

ஜனவரி 12

கீழே ஒருவர் கேட்டது: ஏன் ஊருக்கு வெளியே?

மாநகராட்சிக்கு நாடகம் பிடிக்காது. கூட்டம், பிளேக், கடைப் பையன்கள் வேலையை விட்டு ஓடுவது என்று ஆயிரம் காரணம் சொன்னார்கள். 1574 டிசம்பரில் நகர எல்லைக்குள் சத்திர முற்றங்களில் நாடகம் போடக் கடும் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். ஷோர்டிச் மிடில்செக்ஸ் மாவட்டத்தில் இருந்ததால் லார்ட் மேயரின் அதிகாரம் அங்கே எட்டாது. மதிலைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வயல்வெளியில் நடந்தால் போதும்.

ஜனவரி 19

தாய்மாமன் கதை. எழுத உட்கார்ந்து மூன்று முறை எழுந்து போய்விட்டேன்.

கொட்டகை கட்டத் தொடங்கும்போது ஜேம்ஸின் மொத்தச் சொத்து 100 மார்க் தேறாது என்று சாட்சிகள் சொன்னார்கள். பிரெய்ன் போட்டது 1000 மார்க் வரை என்பது அவர் தரப்பின் கணக்கு. ஏறக்குறைய 667 பவுண்ட். கடைச் சரக்கை விற்றார், துணிமணியை அடகு வைத்தார், கடன் வாங்கினார். அதுவும் போதாமல், கூலியை மிச்சப்படுத்த அவரும் மனைவி மார்கரெட்டும் கட்டட வேலையில் இறங்கி உழைத்தார்கள். குத்தகைப் பத்திரத்திலோ ஜேம்ஸ் பெயர் மட்டும். பாதிப் பங்கு என்பது வாய்ப்பேச்சு.

பிரெய்னுக்குப் பிறந்த குழந்தைகள் தங்கவில்லை. உன் பங்கு எப்படியும் உன் சகோதரி பிள்ளைகளுக்குத்தானே போகப்போகிறது என்பது பர்பேஜ் வீட்டாரின் வாதம். பின்னால் நீதிமன்றத்திலும் அப்படியே சொன்னார்கள்.

1578-இல் மத்தியஸ்தர்களை வைத்துப் பேசினார்கள். பத்திரம் எழுதுகிறவர் கடையில் வாய்த்தகராறு முற்றி ஜேம்ஸ் மச்சானைக் கையை மடக்கிக் குத்தினார், இருவரும் கட்டிப் புரண்டார்கள். வசூல் பெட்டிக்கு ஜேம்ஸ் ரகசியமாக ஒரு மாற்றுச் சாவி வைத்திருந்தார், காசைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார் என்றெல்லாம் வாக்குமூலங்கள் இருக்கின்றன. அடுத்த வருஷம் 125 பவுண்ட் சொச்சம் கடனுக்குக் கொட்டகையின் குத்தகையே அடமானத்துக்குப் போனது. 1586-இல் பிரெய்ன் கடனோடு இறந்தார். 1589-இல் கத்பர்ட் அந்த அடமானத்தை மீட்டுக் குத்தகையைத் தன் பெயருக்கே மாற்றிக்கொண்டார். வாய்ப்பேச்சில் இருந்த பாதி அத்தோடு போயிற்று.

மார்கரெட் விடவில்லை. 1590 நவம்பரில் சான்சரி நீதிமன்றத்தின் உத்தரவு ஒன்றைக் கையில் வாங்கிக்கொண்டு, ராபர்ட் மைல்ஸ் என்ற பங்காளியோடும் இன்னும் இரண்டு பேரோடும் நாடகம் நடக்கும் நாளில் கொட்டகைக்குப் போனார். மாடத்து வாசலில் நின்று வருகிறவர்களிடம் தன் பாதி வசூலை வாங்கிக்கொள்ளலாம் என்பது எண்ணம். ஜேம்ஸ் ஜன்னல் வழியே தலையை நீட்டி, எழுதக் கூசும் வசவுகளால் அவரைத் திட்டினார். உத்தரவுக் காகிதத்துக்கு ஒரு மதிப்பும் கொடுக்கவில்லை. ரிச்சர்ட் துடைப்பக் கட்டையோடு வந்து மைல்ஸை அடித்தார். நிக்கலஸ் பிஷப் என்ற சாட்சி, தான் நியாயம் பேசப் போனபோது ரிச்சர்ட் ஏளனமாகத் தன் மூக்கைப் பிடித்து விளையாடினார் என்று பிரமாணம் செய்து சொல்லியிருக்கிறார். அங்கே வந்த ஜான் ஆலின் என்ற நடிகர் என்ன கலாட்டா என்று கேட்க, பாதிப் பங்கு கேட்டு வந்தார்கள், இதனால் கொடுத்தனுப்பினேன் என்று ரிச்சர்ட் கட்டையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாராம்.

ரிச்சர்டுக்கு அப்போது இருபது சொச்சம் வயது. இந்தக் கையும் இந்தக் குரலும்தான் பத்து வருஷம் கழித்து ஹாம்லெட். எனக்கு அதை எண்ணினால் இன்றும் சங்கடமாக இருக்கிறது. வந்து நின்றவர் யாரோ அல்ல, தாய்மாமன் மனைவி. அந்தச் சுவரில் அவர் கை உழைப்பு இருக்கிறது.

ஜான் ஆலின் விஷயத்தையும் சேர்த்து எழுதிவிடுகிறேன். அவர் ஜேம்ஸிடம் தனியாகப் போய், அந்த விதவைப் பெண்ணிடம் கொஞ்சம் மனசாட்சியோடு நடந்துகொள்ளுங்கள் என்று சொன்னார். மனசாட்சியாவது மண்ணாங்கட்டியாவது என்கிற தொனியில் ஜேம்ஸ் பதில் சொன்னார். தன் குழுவின் வாய்ப்பே போகக்கூடிய இடத்தில் வாய் திறந்து ஒரு நியாயம் சொன்னவர் அங்கே அவர்தான்.

ஜனவரி 20

நேற்றைய பதிவைப் படித்துவிட்டு, பிரெய்னைத் தியாகி ஆக்கிவிட்டீர்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நியாயமான கேள்வி.

பிரெய்ன் வெள்ளை மனதுக்காரர் அல்ல. கடன்காரர்களிடமிருந்து தப்பிக்கச் சொத்தைத் தானம் கொடுத்ததாக எழுதி வைத்தவர். மார்கரெட்டும், மைல்ஸ் அடித்ததால்தான் என் கணவர் செத்தார் என்று முதலில் குற்றம் சாட்டி, பிறகு அதே மைல்ஸோடு சேர்ந்து பர்பேஜ் வீட்டார் மேல் வழக்கு நடத்தினார். 1593-இல் இறந்தபோது தன் உரிமையை மைல்ஸுக்கே எழுதி வைத்தார். நமக்குக் கிடைத்த வாக்குமூலங்களில் பாதி, அந்த உரிமையால் லாபம் அடையக்கூடியவர்கள் சொன்னது.

இத்தனையையும் கழித்துவிட்டுப் பார்த்தாலும், பணம் பிரெய்னுடையது என்பதில் மாற்றம் இல்லை. மச்சானும் கூட்டாளியும் சண்டை போடுவதற்கு முன்னால் அங்கே ஒரு கட்டடம் எழுந்தது, அவர் பணத்தில்.

பிப்ரவரி 2

இன்னொரு செய்தி, முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஷோர்டிச்சுக்கு ஒன்பது வருஷம் முன்பே, 1567-இல், பிரெய்ன் ஒயிட்சாப்பல் பக்கம் ரெட் லயன் என்ற இடத்தில் மேடையும் மாடங்களும் கட்டியிருந்தார். தச்சர்களோடு அவருக்கு வந்த வழக்கில் அளவுகள் கிடைக்கின்றன. மேடை 40 அடிக்கு 30 அடி, உயரம் 5 அடி, மேலே 30 அடி உயரத்தில் ஒரு கோபுரம். அங்கே போட இருந்த நாடகம் சாம்சன் கதை. ஸ்டெப்னி வே தெருவில் தோண்டியதில் அந்த மேடை எனக் கருதப்படும் மர அமைப்பு கிடைத்ததாக 2020-இல் அறிவித்தார்கள்.

ஆகவே மச்சானை நாடகத் தொழிலுக்கு இழுத்துவந்து மொட்டையடித்தார் ஜேம்ஸ் என்று ஒற்றை வரியில் சொல்லவும் முடியாது. அந்தத் தொழிலில் முன்னால் இறங்கியவர் மச்சான்தான்.

பிப்ரவரி 3

பெயரைப் பற்றி ஒரு சின்ன விஷயம். 1576-இல் 'தியேட்டர்' என்பது அந்த ஒரு கட்டடத்தின் தனிப்பெயர், நம் ஊரில் சினிமாக் கொட்டகைக்கு ஒரு பெயர் வைப்பது போல. பழைய ரோமானிய அரங்குகளை நினைவூட்டும் லத்தீன் சொல். 1578-இல் ஜான் ஸ்டாக்வுட் என்ற பாதிரியார் செயின்ட் பால் முற்றத்தில் பிரசங்கம் செய்தபோது, வயல்வெளியில் எழுப்பிய அந்தப் பகட்டான இடத்தை அவர்கள் தியேட்டர் என்று அழைக்கச் சொல்கிறார்கள் என்று முகம் சுளித்தார். பொதுச் சொல்லாக மாறி எல்லா ஊருக்கும் பரவியது அப்புறம்தான். சனிக்கிழமை 'தியேட்டருக்குப் போகலாமா' என்று நாம் கேட்கும்போது ஷோர்டிச் வயலில் நின்ற அந்தக் கொட்டகையின் பெயரும் அதற்குள் இருக்கிறது.

1577-இல் பக்கத்திலேயே வந்த இன்னொரு கொட்டகை 'கர்ட்டன்'. அது திரைச்சீலை அல்ல. அந்த நிலத்துக்குக் கர்ட்டன் குளோஸ் என்று பெயர், மதில் என்ற பொருளில். அந்தக் கால மேடையில் முன்திரையே கிடையாது. 2016-இல் அதைத் தோண்டியபோது அடித்தளம் செவ்வகமாக இருந்தது. ஐந்தாம் ஹென்றி நாடகத்தில் வரும் 'மரத்தாலான வட்டம்' என்ற வரி கர்ட்டனைக் குறிக்கிறது என்று அதுவரை எழுதியவர்கள் எல்லோரும் திரும்ப யோசிக்க வேண்டியிருந்தது. சுட்ட மண்ணில் செய்த ஒரு பறவை ஊதல் கிடைத்தது. நாடகத்தில் பறவைச் சத்தம் எழுப்ப உதவியிருக்கலாம் என்கிறார்கள். உதட்டில் வைத்து ஊதிய பொருள், நானூறு வருஷம் மண்ணுக்குள் இருந்திருக்கிறது.

பிப்ரவரி 16

டிக்கெட் எவ்வளவு என்று கேட்டவருக்கு: வாசலில் 1 பென்னி. மாடத்துக்கு ஏறினால் இன்னொரு பென்னி. நெரிசல் இல்லாமல் நிற்க மூன்றாவது பென்னி. 1596-இல் அச்சான ஒரு புத்தகத்தில் வில்லியம் லாம்பார்ட் இந்தக் கணக்கைத் தியேட்டரின் பெயரையும் சொல்லியே குறித்திருக்கிறார்.

ஒரு பென்னிக்காரர்கள் நம் ஊர்த் தரை டிக்கெட்தான், ஆனால் உட்கார முடியாது. நான் இன்றைய குளோப்பில் 5 பவுண்டுக்குத் தரையில் நின்று நாடகம் பார்த்தேன். சாம் வானமேக்கர் பல வருஷம் போராடி எழுப்பிய அரங்கு அது. 1997-இல் திறந்தபோது அவர் உயிரோடு இல்லை. முக்கால் மணி நேரம் கழித்துக் கால் கடுத்துச் சுவரோரம் குந்தினேன். ஊழியர் ஒருவர் வந்து மெதுவாக எழுப்பினார். மழை வந்தது, குடை விரிக்கக் கூடாது. மேடையின் விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். நடிகரின் செருப்பு என் விரலுக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றது. அவர் மூச்சு வாங்குவது கேட்டது. கூட்டத்துக்கு நடுவில் ஒரு ஆள் நின்று பேசுகிறார் என்பதைத் தாண்டி அந்தக் கட்டட அமைப்பில் எதுவும் இல்லை, எதுவும் தேவைப்படவும் இல்லை.

தியேட்டரிலும் இப்படித்தான் நின்றிருப்பார்கள். 1596-இல் தாமஸ் லாட்ஜ், அங்கே 'ஹாம்லெட், பழிவாங்கு' என்று சிப்பி விற்கிறவளைப் போலக் கத்திய ஆவியைப் பற்றி எழுதினார். அது இன்று நம் கையில் இருக்கும் ஹாம்லெட் அல்ல, அதற்கு முந்தைய ஒன்று.

மார்ச் 9

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரியும்? வழக்குக் காகிதங்களால். அமெரிக்காவில் நெப்ராஸ்காவிலிருந்து வந்த சார்லஸ் வில்லியம் வாலஸும் அவர் மனைவி ஹல்டாவும் லண்டன் ஆவணக் காப்பகத்தில் வருஷக்கணக்காகக் கட்டுக் கட்டாகப் பழைய தோல் சுருள்களைப் புரட்டினார்கள். தியேட்டர் வழக்குகளை 1913-இல் புத்தகமாகப் போட்டார்கள். அட்டையில் கணவர் பெயர் மட்டும்.

மச்சானோடு சண்டை வராமல் இருந்திருந்தால், அடிமனைக்காரர் வழக்குப் போடாமல் இருந்திருந்தால், இந்தக் கொட்டகையைப் பற்றி நமக்கு இதில் கால்வாசிகூடத் தெரிந்திருக்காது.

மார்ச் 23

கத்பர்ட் 1635-இல், வயதான காலத்தில், வேறொரு தகராறில் எழுதிக் கொடுத்த மனுவை மறுபடி படித்தேன். எங்கள் தந்தைதான் நாடகக் கொட்டகைகளை முதன்முதலில் கட்டியவர், பல நூறு பவுண்ட் வட்டிக்கு வாங்கித் தியேட்டரைக் கட்டினார் என்கிறார். தாய்மாமன் பெயரே இல்லை. நான் டிசம்பர் 21 அன்று எழுதிய வரி எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது. கத்பர்ட் சொன்னதைத்தான் எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்லி வந்திருக்கிறோம்.

ஏப்ரல் 13

குத்தகை எழுதிய தேதி. விடுப்பு எடுத்துக்கொண்டு நடந்தேன்.

முதலில் நியூ இன் பிராட்வே. சின்னச் சந்து. ஒரு அமெச்சூர் நாடகக் குழு தனக்கு அரங்கு கட்ட எண்ணிய மனையில், 2008-இல் தோண்டும்போது தியேட்டரின் செங்கல் அடித்தளமும் சரளை கொட்டிய முற்றமும் வெளிப்பட்டன. அங்கிருந்து செயின்ட் லெனார்ட்ஸ் தேவாலயம். ஜேம்ஸ், கத்பர்ட், ரிச்சர்ட் மூவரையும் புதைத்த இடம். உள்ளே நடிகர்களுக்கான நினைவுப் பலகை இருக்கிறது, மூவர் பெயரும் அதில் இருக்கின்றன.

பிறகு ஒயிட்சாப்பல். பிரெய்னைப் புதைத்த செயின்ட் மேரி தேவாலயம் இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து அழிந்தது. இப்போது அது அல்தாப் அலி பூங்கா, 1978-இல் இனவெறிக்குப் பலியான வங்கதேசத் தொழிலாளியின் பெயர். தேவாலயம் நின்ற இடத்தின் கோடு மட்டும் தரையில் தெரிகிறது. மதிய நேரம், கல்மேல் உட்கார்ந்து நான்கு பேர் பிரியாணிப் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அந்தக் கோட்டின் மேல் ஒரு சுற்று நடந்தேன். பிரெய்ன் பெயரை எங்கேயும் பார்க்கவில்லை.

மேலே உள்ள முதல் பதிலை அழிக்கவில்லை, அழித்தால் இழை புரியாமல் போகும். கேள்வி கேட்டவருக்கு இங்கே திரும்ப எழுதுகிறேன். தியேட்டரைக் கட்டியவர்கள் ஜேம்ஸ் பர்பேஜ், ஜான் பிரெய்ன், மார்கரெட் பிரெய்ன்.